லைட்டைப் போடாதே!

பிப்ரவரி 21

உம்மணாமூஞ்சிக்கு,

ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தால் நான் குறுக்கே பேசுகிறேன், அதனால்தான் சண்டை வருகிறது என்று உன் அத்தானிடம் சொன்னாயாம். அவர் அதை என்னிடம் சொல்லும்போதே நான் குறுக்கே பேசினேன், அது வேறு கதை. ஆகவே கடிதம். இதில் நீ எழுதி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க முடியாது, சந்தோஷம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் ஒரு மரம் மொட்டையாக நிற்குமே, போன வருஷம் நீ கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து படம் எடுத்தாயே, அது துளிர்க்க ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கால் முறிந்த ஒருவர் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். "என்னம்மா, அங்க என்ன?" என்றார். "இலை" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அந்த ஆள் மேல் எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை.

நடந்ததைக் கிளற எனக்கு ஆசை இல்லை. ஆனால் நீ ஊரெல்லாம் சொல்கிற மாதிரி நான் வேண்டுமென்று செய்யவில்லை. என் டார்க் ரூமில் உன் ரோலை மூடிய டேங்கில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். "அக்கா, டேங்கைக் கொஞ்சம் ஆட்டு" என்றாய், ஆட்டினேன். பாதி வேலையில் மூடியைத் திறந்து டக்கென்று லைட்டைப் போட்டாய். இருபத்தைந்து வருஷமாக எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுகிறவள் நான். உள்ளே ஃபிலிம் இருக்கும்போது எவனாவது கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வோம்? கத்துவோம், ஃபிலிமைத் தூக்கி, இனி வெளிச்சம் பட்டாலும் கெடாதபடி ஃபிக்ஸரில் போடுவோம். மிச்சமாவது பிழைக்கட்டும் என்றுதான். என் வாய் "லைட்டைப் போடாதேடீ!" என்று கத்தியது, என் கை ஃபிக்ஸரை ஊற்றியது. ஸ்லைடு ஃபிலிமுக்கு நடுவில் வெளிச்சம் காட்டித்தான் ஆகவேண்டும் என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் நான் ஏன் ஊற்றப்போகிறேன்?

சரி, விடு. அறை ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அக்கா

பி.கு. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அத்தான் கேட்கச் சொன்னார்.

*

மார்ச் 3

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சாப்பிடுகிறேன் என்று அத்தானிடம் தெரிவிக்கவும்.

நான் ஊரெல்லாம் எதுவும் சொல்லவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் ஸ்டுடியோ முதலாளியும் வீட்டுக்காரம்மாவும்தான். எனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதையே அவர்களிடம் நான் சொன்னதில்லை.

ஃபிக்ஸர் ஊற்றியதற்காக நான் உங்கள் வீட்டை விட்டு வரவில்லை. அது இன்னும் உங்களுக்குப் புரியவில்லை என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஸ்லைடு ஃபிலிமில் முதல் டெவலப்பர் மருந்தில் நெகட்டிவ்தான் வரும். அதை ப்ளீச் தின்றுவிடும். பிறகு மிச்சம் இருப்பதுதான் நிஜமான படம், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் காட்டி, மறுபடி டெவலப்பரில் போட்டால்தான் எழுந்து வரும். நீங்கள் சரியாக அந்த நடுவில் பிடுங்கினீர்கள். நெகட்டிவ் போயாயிற்று, படம் இன்னும் எழுந்திருக்கவில்லை. இருந்ததையும் ஃபிக்ஸர் துடைத்துக்கொண்டு போய்விட்டது. ரோலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு வசந்தம் முழுக்க எடுத்த படம். எனக்கு அழக்கூட வரவில்லை. அப்போது நீங்கள் என் தோளில் தட்டிச் சொன்னீர்கள்: "இலைதானேடீ, அடுத்த வருஷமும் முளைக்கும்."

அதற்காகத்தான் வந்தேன்.

உங்களுக்கு அது இலை. இந்த ஊர்க் கேமரா சங்கம் ஒவ்வொரு மே மாதமும் ஸ்லைடு போட்டி நடத்துகிறது. கறுப்பு வெள்ளை மட்டும். கேமராவுக்குள் போன அதே ஃபிலிம்தான் திரைக்கு வரவேண்டும், நகல் எடுக்கக் கூடாது. ஒரே பொருளில் பத்துப் படம். பெரிய அரங்கத்தில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவர் அகலத்துக்குக் காட்டுவார்கள். போன வருஷம் அதற்குத்தான் எடுத்தேன். இத்தனை வருஷம் அங்கேயும் இங்கேயும் ஸ்டுடியோக்களில் எத்தனை ஆயிரம் முகங்களை எடுத்திருப்பேன்? அவற்றை யார் பார்த்தார்கள்? வாசலில் நிற்கும் காவலாளி, அடையாள அட்டையில் இருக்கும் முகமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றா என்று சரிபார்க்கிறான். சரிபார்ப்பது வேறு, பார்ப்பது வேறு. ஒரே ஒரு தடவை, இருட்டில் உட்கார்ந்து, நான் எடுத்த படத்தை நாலு பேர் வேறு வேலை இல்லாமல் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

முதலாளியிடம் போட்டி பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பச்சையே இல்லாம இலையா? அடுத்தது வானவில்லை எடுங்க!" என்றார். அவரை விடுங்கள், சொந்த அக்காவே அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்லியாயிற்று.

உங்கள் அறை எனக்கு வேண்டாம். நானே ஏதாவது வழி பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

பி.கு. அந்த அறைக் குழாயில் தண்ணீர் இன்னும் பனிக்கட்டி மாதிரிதான் வருகிறதா? சும்மா கேட்டேன்.

*

மார்ச் 9

உம்மணாமூஞ்சி,

தண்ணீர் பனிக்கட்டி மாதிரிதான் வருகிறது. வெந்நீர் கலந்து சரியான சூட்டுக்குக் கொண்டுவர எனக்குத் தெரியும். சும்மா கேட்டாயாம், சும்மா!

என்னடீ இது "தங்கள்", "அவர்களுக்கு"? நீ பிறந்த அன்று உன்னை முதலில் தூக்கியது நான்தான். அப்போதும் நீ முகத்தை இப்படித்தான் வைத்திருந்தாய். என்னை எலும்புக்காரி என்று கூப்பிடு, பேய் என்று கூப்பிடு, வாங்கிக்கொள்கிறேன். இந்த "நீங்கள்" மட்டும் வேண்டாம். கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஒரு ஆளின் இடது கைக்குப் பதில் வலது கையைப் படம் எடுத்துவிட்டேன். "நல்ல கையை ஏம்மா எடுக்கறீங்க?" என்று அவரே கேட்டார்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னது நிஜம்தான். நீ அழாமல் கல் மாதிரி நின்றாய், எனக்குப் பயமாகிவிட்டது. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பதறுகிறவர்களிடம் "சின்ன விரிசல்தான், கூடிடும்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அதே வாய்.

உன் வீட்டுக்காரம்மா பற்றி அத்தான் சொன்னார். "தொட்டியில மஞ்சளா எதையாவது ஊத்தினா அன்னைக்கே காலி பண்ணணும்" என்றாளாமே? இந்த ப்ளீச்சை ஊற்றினால் தொட்டி மட்டுமா மஞ்சளாகும், அவள் முகமும் ஆகும். நீயோ அங்கிருந்து வந்து போக ஒரு நாள் முழுதும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் உனக்கு ஸ்டுடியோவில் கூட்டம். பின் என்ன வழி வைத்திருக்கிறாய், குடைக்குள் கழுவப்போகிறாயா?

ஒரு வேண்டாத ரோல் அனுப்பு. சோதனைக்கு. தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, எதை வேண்டுமானாலும் எடுத்து அனுப்பு. எந்த இடத்தில் லைட் போடவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுது. கெட்டால் குப்பைத்தொட்டிதானே கெடும்.

அக்கா (நீ, நீ, நீ)

*

மார்ச் 19

அக்காவுக்கு,

இத்துடன் ஒரு ரோல். சோதனைக்கு மட்டும். ஸ்டுடியோவுக்கு எதிரே உள்ள மரத்தின் தளிர்களை எடுத்திருக்கிறேன். அங்கே உள்ள மரம் மாதிரி இது இலை உதிர்த்து நிற்கவில்லை. பழைய இலைகளுக்கு நடுவிலேயே கொத்துக் கொத்தாகத் துளிர்க்கிறது. போன வருஷம் போலவே பச்சை ஃபில்டர்தான் போட்டிருக்கிறேன், இலை வெளிச்சமாக விழும்.

முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முதல் டெவலப்பருக்குப் பிறகு ப்ளீச், அதன் பிறகு கறையெடுக்கும் குளியல், அதன் பிறகு மூடியைத் திறந்து லைட். கவனிக்கவும்: லைட். அதற்குப் பிறகு இன்னொரு டெவலப்பர். ஃபிக்ஸர் கடைசியில்தான். தாளில் "கடைசியில்" என்ற சொல்லுக்குக் கீழே நாலு கோடு போட்டிருக்கிறேன், தாள் கிழிந்துவிட்டது, மன்னிக்கவும்.

உங்கள் கையை நான் நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதப் போட்டிக்கு வேறு ஆள் கிடைத்தால் அவரிடம்தான் கொடுப்பேன்.

தங்கை

*

மார்ச் 30

உம்மணாமூஞ்சி,

என் கையை நானும்தான் நம்பவில்லை. அதனால் என்ன செய்தேன் தெரியுமா? ஃபிக்ஸர் பாட்டிலைத் தூக்கி உன் அத்தான் கையில் கொடுத்து, அவரை டார்க் ரூமுக்கு வெளியே மாடிப்படியில் உட்காரவைத்தேன். "நான் கதவைத் திறந்து கேட்டா சும்மா கொடுக்காதீங்க. 'லைட் போட்டாச்சா'ன்னு கேளுங்க. போட்டாச்சுன்னு சொன்னாத்தான் கொடுக்கணும். அழுதாலும் கொடுக்காதீங்க" என்றேன். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாதிரி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நல்ல காரியம் செய்தேன். மூடியைத் திறந்து லைட்டைப் போட்டேன் பார், உயிரே போய்விட்டது. உள்ளே ஃபிலிம், வெளியே லைட்! என் வலது கை தானாகவே அலமாரிக்குப் போயிற்று. அங்கே பாட்டில் இல்லை. காற்றைப் பிடித்தேன். அடுத்த நிமிஷம் கதவைத் திறந்து "கொடுங்க" என்று கத்தினேன். "லைட் போட்டாச்சா?" "போட்டாச்சு." "அப்புறம் அந்த ரெண்டாவது டெவலப்பர்?" என்று கேட்டார் அந்த மனிதர். நீ எழுதிய தாளை வாங்கி மனப்பாடம் செய்திருக்கிறார்!

படம் வந்துவிட்டது. வந்துவிட்டதடீ! ஈர ரோலை எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் தூக்கிப் பிடித்தேன், இலை இலையாக நின்றது. நானும் அத்தானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம், எதற்கென்று தெரியாமல்.

ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. தளிரெல்லாம் கறுகறுவென்று இருக்கிறது. கிழட்டு இலைகள் பளபளவென்று இருக்கின்றன. தாத்தாவைப் பேரன் மாதிரியும் பேரனைத் தாத்தா மாதிரியும் எடுத்திருக்கிறாய். அந்த மரத்தின் தளிர் என்ன நிறம்? சிவப்பா?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார். எல்லாச் சீட்டிலும் சிவப்பு மையில்தான் எழுதுவார். ஒரு நாள் டார்க் ரூமின் சிவப்பு விளக்கில் அவர் சீட்டைப் பார்த்தால் வெற்றுத்தாள். நேராகப் போய், "எழுதாத சீட்டை அனுப்பிட்டு எந்தக் காலை எடுக்கச் சொல்றீங்க டாக்டர்?" என்று சண்டை போட்டேன். அவர் வாங்கிப் பார்த்து, "எழுதியிருக்கே!" என்கிறார். நான் பார்த்தால் ஆமாம், எழுதியிருக்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு, வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடுகிறது. நர்சுகள் எல்லாம் சிரித்து என் மானம் போயிற்று.

உன் தளிர் சிவப்பாக இருந்தால், பச்சைக் கண்ணாடி அதைக் கறுப்பாக்கத்தானே செய்யும்? சிவப்புக் கண்ணாடியைப் போட்டுப் பாரேன். எனக்கு உன் தொழில் தெரியாது, சொல்லிவிட்டேன்.

எலும்புக்காரி

*

ஏப்ரல் 12

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் வந்த கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. "கேமராவைத் தொட்டே பார்க்காதவள் எனக்கு ஃபில்டர் சொல்லித் தருகிறாளா" என்று தொடங்கும். நல்ல நடையில் வந்திருந்தது, கிழிக்க மனசே வரவில்லை.

தளிர் சிவப்புத்தான். நல்ல செம்பு நிறம். தினமும் பார்த்துக்கொண்டு அதன் கீழேதான் நின்றேன். ஆனால் இலை என்றால் பச்சை என்று கை பாட்டுக்குப் பச்சை ஃபில்டரை எடுத்து மாட்டியிருக்கிறது. உன் கை மட்டும்தான் அப்படி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையின் அடியில் மேகம் எடுப்பதற்காக வாங்கிய சிவப்பு ஃபில்டர் ஒன்று கிடந்தது. அதைக் கேமராவில் மாட்டாமல் கண்ணில் வைத்துக்கொண்டு தெரு ஓரத்தில் நின்றேன். எல்லாமே சிவப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் பழைய இலைகள் எல்லாம் இருட்டுக்குள் போய்விட்டன. தளிர்கள் மட்டும் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றின மாதிரி நின்றன. அக்கா, நான் நடுத்தெருவில் "அடி என் எலும்புக்காரி!" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

எடுத்துவிட்டேன். எடுத்தது லேசில்லை. சிவப்புக் கண்ணாடி பாதி வெளிச்சத்துக்கு மேல் தின்றுவிடுகிறது, அதனால் ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் காற்று வந்து இலை தலையாட்டுகிறது. முகம் எடுக்கப் பின்னால் பிடிக்கும் வெள்ளை அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றுக்கு மறைப்பாக வைத்தேன். "அசையாதீங்க, தாடையைக் கொஞ்சம் உயர்த்துங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று பழக்கத்தில் இலையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி வாசலில் நின்று, "அட்டை நம்மோடது, கவனம்" என்றார். பிறகு அவரே வந்து ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

இப்போது விஷயம். இந்தக் கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். போட்டிக்குப் பத்து வேண்டும். கடைசியாகத் துளிர்த்த கொத்துகளும் இரண்டு மூன்று நாள்தான் சிவப்பாக இருந்தன. நேற்றுப் போய்ப் பார்த்தேன், எல்லாம் பச்சையாக மாறிவிட்டன. மறுபடி எடுக்க வழியே இல்லை. இங்கே கழுவித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், அவர் இந்த வகை ஃபிலிமைப் பார்த்ததே இல்லை. கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

உனக்கே அனுப்புகிறேன். தபால் அலுவலகத்தில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் துணி சுற்றிக் கொடுத்தேன். கவுண்டர்காரர், "உள்ளே என்ன, கண்ணாடியா?" என்றார். போன வருஷம் கண்ணாடியாகத்தான் வந்தது என்று சொல்ல நினைத்து, "ஃபிலிம்" என்றேன். பெட்டியை அவர் வாங்கிய பிறகும் என் கை அதை விடவில்லை. "அம்மா, விட்டாத்தானே போகும்?" என்றார்.

அத்தானை மறக்காமல் படியில் உட்காரவை.

உம்மணாமூஞ்சி

*

ஏப்ரல் 22

என் கண்ணே,

"நீ" என்று எழுதிவிட்டாய். அது உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். கடிதத்தை ஐந்தாறு தடவை எண்ணிப் பார்த்தேன், ஒரு "நீங்கள்" இல்லை.

பெட்டி வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அறையைத் துடைத்து, தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து, அத்தானைப் பாட்டிலோடு படியில் உட்காரவைத்தேன். முதல் டெவலப்பர் ஆயிற்று. ப்ளீச் ஆயிற்று. கறையெடுத்தாயிற்று. இனி லைட். மூடியைத் திறந்தேன், சுவிட்சைப் போட்டேன்.

எரியவில்லை.

மறுபடி போட்டேன். எரியவில்லை. கரண்ட் போய்விட்டது! வார்டுகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. இந்தப் பழைய டார்க் ரூமுக்கு யார் கொடுப்பார்கள்? ஜன்னலே இல்லாத அறை, கும்மிருட்டு, கையில் உன் வசந்தம் முழுவதும் சொட்டச் சொட்ட. கதவைத் திறந்தேன், மாடிப்படிப் பக்கமும் இருட்டு. "லைட் போட்டாச்சா?" என்கிறார் அத்தான். "கரண்ட் இல்லைங்க!" "அப்ப பாட்டில் கிடையாது" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். யார் கேட்டார்கள் பாட்டிலை!

எனக்கு ஒரு நிமிஷம் தலையே ஓடவில்லை. பிறகு தோன்றியது: வெளிச்சம்தானே வேண்டும்? வெளியே கொட்டிக் கிடக்கிறதே!

இருபத்தைந்து வருஷத்தில் கழுவி முடிக்காத ஃபிலிமோடு நான் வாசல்படியைத் தாண்டியதில்லை. டேங்கிலிருந்து சுருளை உருவி எடுத்துக்கொண்டு ஓடினேனடீ. படியில் இறங்கி, நடைபாதை முழுக்கச் சொட்டு விட்டுக்கொண்டு, அவசரப் பிரிவு வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு, வண்டி நிறுத்தத்துக்கு. பின்னால் ஒரு நர்ஸ், "ஐயோ, எக்ஸ்ரே அக்காவுக்கு மறை கழண்டுடுச்சு, ஃபிலிமை வெயில்ல காட்டறாங்க!" என்று கத்துகிறாள். வாட்ச்மேன் எழுந்துவிட்டார். நான் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம், நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, சுருளைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். இந்தப் பக்கம் காட்டினேன், அந்தப் பக்கம் காட்டினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வெயிலாலா என்று கேட்காதே.

பாட்டிலோடு பின்னாலேயே ஓடி வந்த உன் அத்தான் மூச்சு வாங்க நின்று, "லைட் போட்டாச்சா?" என்றார். நான் மேலே கையைக் காட்டினேன். நிமிர்ந்து சூரியனைப் பார்த்துவிட்டு, "சரி, போட்டாச்சு" என்றார்.

திரும்பி ஓடி இரண்டாவது டெவலப்பரில் போட்டேன். இருட்டிலேயே ஆட்டினேன். கடைசியில் ஃபிக்ஸர், அவர் கையாலேயே ஊற்றினார். கழுவி முடிக்கும்போது கரண்ட் வந்தது. வெளிச்சப் பெட்டியைப் போட்டேன்.

பன்னிரண்டும் இருக்கின்றன. பன்னிரண்டும்! கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று தளிர். நரம்பு ஒவ்வொன்றும் எண்ணலாம். ஒன்று இன்னும் சுருட்டிக்கொண்டு தூங்குகிறது. ஒன்று பாதி விரித்திருக்கிறது, பிறந்த பிள்ளையின் கை மாதிரி. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேருடைய உள்ளே எல்லாம் பார்த்திருக்கிறேன், உன் உள்ளே இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியவே தெரியாதடீ. இலைதானே என்று சொன்ன வாயை என்ன செய்யலாம்?

வெட்டவில்லை, அப்படியே அனுப்புகிறேன். அத்தானும் நானும் தபால் அலுவலகம் வரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம்.

அக்கா

*

மே 18

என் எலும்புக்காரி,

நேற்று முழுக்க உனக்கு ஃபோன் செய்தேன். நீ எடுக்கவில்லை. டியூட்டியில் இருந்தாயாம், அத்தான் சொன்னார். நல்லதுதான். ஃபோனில் சொல்லியிருந்தால் நீ குறுக்கே பேசியிருப்பாய், இதை நான் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. மலைகள் வந்தன, படகுகள் வந்தன, ஒருவர் தன் பூனையைப் பத்துக் கோணத்தில் எடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகக் கை தட்டினார்கள். முதலாளி பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. அறிவிப்பாளர் அட்டையைப் படித்தார்: "பொருள்: தளிர். எடுத்தவர்..." என்று என் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். "கழுவியவர் என்று இன்னொரு பெயர் எழுதியிருக்கிறது. இதுவரைக்கும் யாரும் இப்படி எழுதினதில்லை" என்று சொல்லி, உன் பெயரையும் முழுதாகப் படித்தார். ஆமாம், எழுதினேன். அத்தான் பெயரையும் எழுதினேன், இடம் போதாமல் பாதிதான் வந்தது.

விளக்கு அணைந்தது. முதல் தளிர் திரையில் வந்தது. அக்கா, அது என் விரல் நகம் அளவுதான் இருக்கும், சுவர் முழுக்க நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இரண்டாவது, மூன்றாவது. யாரோ "யப்பா" என்றார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, திரும்பி அவர்களைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அத்தனை முகமும் தெரிந்தது. ஒருத்தரும் எதையும் சரிபார்க்கவில்லை. பார்த்தார்கள்! வாயைத் திறந்துகொண்டு, கண்ணைச் சிமிட்டாமல், நான் சொல்லாமலே தாடையை உயர்த்திக்கொண்டு பார்த்தார்கள்.

பத்தாவது போய்த் திரை வெள்ளையானது. சுவிட்சுப் பக்கம் நின்ற ஆள் கையை நீட்டினார். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "லைட்டைப் போடாதீங்க!"

எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. போன வருஷம் நீ கத்திய அதே வார்த்தை. அடுத்து இன்னொருவர், "லைட் போடாதீங்க, இன்னொரு தடவை காட்டுங்க!" பிறகு அரங்கமே. "போடாதீங்க! போடாதீங்க!" காலால் தரையைத் தட்டினார்கள். அந்த ஆள் பயந்து கையை இழுத்துக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து காட்டினார்கள். நான் இருட்டில் உட்கார்ந்து போன வருஷம் வராத அழுகையைச் சேர்த்து அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

முதல் பரிசு நமக்குத்தான். நடுவர்கள் வெளியே போய்ப் பேசக்கூட இல்லை.

முதல் குரல் யாருடையது தெரியுமா? முதலாளி! வெளியே வந்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அது நிஜமா நம்ம எதிர் மரமா? நான் தினம் அதுக்கு அடியிலதாங்க வண்டியை நிறுத்தறேன்" என்றார். இன்று காலை கடை திறக்காமல் மரத்தடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். தளிரெல்லாம் முற்றிவிட்டது, அடுத்த வருஷம்தான் என்றேன். "முளைக்கும்ல?" என்றார். முளைக்கும் என்றேன். நீ சொன்னது சரிதான், போ.

பத்தாவது ஸ்லைடை இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். வந்து நிற்கும்போது கதவைத் திறந்ததும் பேச ஆரம்பித்துவிடாதே, முதலில் ஒரு நிமிஷம் கட்டிக்கொள்ள விடு.

உம்மணாமூஞ்சி

*

மே 25

அடி என் ராஜாத்தி,

கடிதத்தை நான் இங்கே உரக்கப் படித்தேன். நர்சுகள், வாட்ச்மேன், அன்றைக்கு என்னை மறை கழன்றவள் என்றாளே அவள், எல்லோரும் நின்று கேட்டார்கள். "லைட்டைப் போடாதீங்க" என்ற இடம் வந்ததும் அத்தான் கைதட்டிவிட்டார். காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு நோயாளியும் சேர்ந்து தட்டினார், எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

உன் ஸ்லைடை எக்ஸ்ரே வெளிச்சப் பெட்டியில் மாட்டி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் யாருடைய முட்டியோ, ஒரு பக்கம் யாருடைய தோளோ. இன்று காலை அந்தச் சிவப்பு மை டாக்டர் அவசரமாக வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் அங்கே நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் கிளை கிளையாக நரம்பு, வெள்ளையாக.

"இவ்வளவு சின்னதா இருக்கே. பச்சைக் குழந்தையோட நெஞ்சா?" என்றார். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க, ஒரு புள்ளி இல்லை. யாரோடது?"

"என் தங்கச்சியோடது டாக்டர்" என்றேன்.

அக்கா